எந்த மாதத்து வரைபடம் இது?

ஒன்ராறியோவின் தூர வடக்கில் ஒரு துண்டு நிலத்தின் கனிம உரிமையைப் பதிவுசெய்ய இப்போதெல்லாம் அங்கே போகவேண்டிய அவசியமே இல்லை. முன்னர் ஆட்கள் காட்டுக்குள் இறங்கி, மூலைக்கு மூலை கட்டை அடித்து, எல்லையை நடந்து அடையாளமிட வேண்டியிருந்தது. 2018 ஏப்ரலில் அந்த முறை முடிந்து எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டது. திரையில் மாகாணம் கட்டம் கட்டமாக விரிகிறது. ஒரு கட்டம் ஏறத்தாழ 20 ஹெக்டயர். வேண்டிய கட்டத்தைத் தெரிவுசெய்து கட்டணத்தைச் செலுத்தினால் காரியம் முடிந்தது. எந்தக் கட்டம் யார் கையில் என்பதைக் காட்டும் வரைபடம் உடனுக்குடன் புதுப்பிக்கப்படுகிறது.

அதே கட்டத்துக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான இடங்களுக்குச் சரியான பதில் கிடைக்காது. கையில் இருப்பவை, முப்பது மீற்றருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் செய்மதிப் படத்திலிருந்து வகுத்த நிலப்போர்வை வரைபடமும், கணினி தன் போக்கில் கணித்து வரைந்த ஓடைகளும்தான். கனிமத்துக்கு ஒரு வேகம், தண்ணீருக்கு ஒரு வேகம். இந்த ஏற்றத்தாழ்வு சரிசெய்யப்படும்வரை அங்கே எந்த வீதிக்கும் தடம் தீர்மானிக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வான்படங்களையும் செய்மதிப் படங்களையும் பார்த்து ஈரநிலங்களை வகைபிரித்து வரைவது என் தொழில். வீடு ஸ்காபரோவில். வேலை வடக்கே, பெரும்பாலும் திரை வழியாக, சில கோடைகளில் நேரிலும். என்னைப் போன்றவர்கள் வரைந்த கோடுகளை விரித்துவைத்துத்தான் பிறகு வீதிக்காரரும் சுரங்கக்காரரும் தங்கள் கோடுகளை வரைகிறார்கள்.

நான் சொல்லும் நிலம் ஹட்சன் விரிகுடாவுக்கும் ஜேம்ஸ் விரிகுடாவுக்கும் தெற்கிலும் மேற்கிலும் கிடக்கும் தாழ்நிலம். மூன்று இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேல். இலங்கையைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பெரும்பகுதி ஒன்ராறியோவுக்குள், மிச்சம் மனிற்றோபாவிலும் கியூபெக்கிலும். செவேர்ன், வினிஸ்க், எக்வன், அட்டவாபிஸ்கட், ஆல்பனி, மூஸ் என்று ஆறுகள் இதைக் கடந்து கடலில் விழுகின்றன. உலகிலேயே மிகத் தெற்கே வாழும் துருவக் கரடிகள் இதன் கரையோரத்தில் இருக்கின்றன. ஒன்ராறியோப் பக்கத்து ஊர்கள் எதையும் ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய வீதி தெற்கோடு இணைக்கவில்லை. விமானம், குளிர்காலத்தில் உறைந்த நிலத்தின்மேல் போடும் பனிவீதி, மூஸனிக்கு மட்டும் ரயில்.

சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாளம் பின்வாங்கியபோது இங்கே கடல் புகுந்தது. பனியின் பாரம் நீங்கிய நிலம் மெல்ல எழும்ப, கடல் வடக்கே ஒதுங்கியது. நிலம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். கடல் விட்டுப்போன களிமண் தண்ணீரைக் கீழே இறங்கவிடாது. சரிவோ கிலோமீற்றருக்கு அரை மீற்றர். பல இடங்களில் அதுவும் இல்லை. இறங்கவும் வழியில்லை, ஓடவும் சாய்வில்லை என்றானபின் தண்ணீர் தங்கிவிட்டது. தங்கிய தண்ணீரில் பாசி முளைத்து, செத்து, குளிரில் காற்றுப்படாத ஈரத்தில் முழுதாக மக்காமல் படையின்மேல் படையாகச் சேர்ந்தது. அதைத்தான் பீற் என்கிறோம். சராசரியாக இரண்டு மூன்று மீற்றர் ஆழம். அதற்குள் அடைபட்டுக் கிடக்கும் கரிமம் சுமார் 30 பில்லியன் தொன் என்பது 2014இல் வெளியான ஆய்வின் கணிப்பு.

ஆழம் பார்க்க எங்களிடம் இருப்பது மிக எளிய கருவி: ஒரு மீற்றர் நீள உலோகக் கம்பிகள், ஒன்றின் முனையில் மற்றொன்றைத் திருகி நீட்டிக்கொள்ளலாம். பாசிமேல் முழங்காலிட்டுக் கையால் அழுத்தினால் கம்பி தடையில்லாமல் இறங்கும். முதல் மீற்றர், இரண்டாவது, சில இடங்களில் மூன்றாவதும். பிறகு சட்டென்று ஏதோ கம்பியைக் கவ்விப் பிடிக்கும். அதுதான் களிமண். இழுத்தெடுத்தால் கம்பி முழுக்கக் கபில நிறச் சக்கை ஒட்டியிருக்க, நுனியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு விரல்கடை களி பளபளக்கும். சிலவேளை அதில் சிப்பி ஓட்டின் துகள் இருக்கும். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, முகத்து வலையைச் சுற்றிக் கரும்பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருக்க, அந்தத் துகளை விரலில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பாடப்புத்தகம் சொன்னதைவிட அதிகமாக அந்தக் களி சொன்னது.

மேலிருந்து பார்ப்பவருக்கு இந்த நிலம் முழுவதும் ஒரே சேறு. பழைய அரசாங்கத் தாள்களில் அப்படித்தான் இருக்கிறது. பக்கம் பக்கமாக ஒரே நீலப் புல் அடையாளம். கனடாவின் வகைப்பாட்டில் ஈரநிலம் ஐந்து வகை. அவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் இங்கே சொல்லவேண்டும். பொக் என்பது மழையும் பனியும் தரும் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பது. புளிப்பு நீர், ஸ்பக்னம் பாசி, குட்டையான கறுப்பு ஸ்புரூஸ் மரங்கள். ஃபென் என்பது நிலத்தின் வழியாக எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் நீரில் வாழ்வது. கோரைப்புல்லும் டமராக் மரமும் அங்கே அதிகம். டமராக் ஊசியிலை மரமாயிருந்தும் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி உதிரும். செப்டெம்பர் கடைசியில் எடுத்த படத்தில் ஃபென் எங்கே என்று அந்த மஞ்சளை வைத்தே பிடித்துவிடலாம். பொக்கின் நடுவே ஒரு பள்ளம் தோண்டினால் பாதிப்பு பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும். ஃபென்னை மறித்தால் பாதிப்பு நீர் போகும் வழியெல்லாம் போகும். ஆகவே வீதி போடுவோருக்கு இரண்டையும் பிரித்துக் காட்டாத வரைபடம் உதவாது. ஃபென்னில் நீர் எந்தத் திசையில் போகிறது என்று காட்டாத வரைபடமும் அப்படித்தான்.

திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? நின்று பார்த்தால் தெரியாது. தண்ணீர் அசைவதே தெரியாத அளவு மெதுவாகப் பாசிக்குள்ளும் கோரைக்கு இடையிலும் ஊர்ந்து போகும். ஆனால் வானிலிருந்து பார்த்தால் சில ஃபென்களில் வரிவரியாகத் திட்டுகள் தெரியும். ஒரு திட்டு, அடுத்து நீளவாக்கில் ஒரு குட்டை, மறுபடி ஒரு திட்டு. இந்தத் திட்டுகள் நீரோட்டத்துக்கு எப்போதும் குறுக்காகவே அமையும். ஆகவே அவற்றுக்குச் செங்குத்தாகக் கோடு இழுத்தால் ஓட்டத்தின் திசை கிடைக்கும். அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்ற சந்தேகத்தைச் சில இடங்களில் மரத்தீவுகள் தீர்த்துவைக்கும். நீர் வரும் பக்கம் அகன்று, போகும் பக்கம் வால்போல் ஒடுங்கிய வடிவம் அவற்றுக்கு. பல்லாயிரம் ஆண்டுகளாக நீர் தானே எழுதிவைத்த குறிப்பு இது. பழகிய கண்ணுக்கு வாசிக்க முடியும். ஆனால் ஒவ்வொரு தாளாக, மனிதர் உட்கார்ந்து வாசிக்கவேண்டும். அதற்குக் காலம் வேண்டும், சம்பளம் வேண்டும்.

கணினியிடம் விட்டால் என்ன என்று கேட்பார்கள். கணினி ஓடையை வரைவது நில உயரத் தரவை வைத்து. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம் நீரை அனுப்பும். மலைநாட்டில் இது அருமையாக வேலை செய்கிறது. சரிவு கிலோமீற்றருக்கு அரை மீற்றராக இருக்கும் நிலத்தில், பழைய உயரத் தரவின் பிழையே சில மீற்றர் என்றால், கணினி பின்தொடர்வது நிலத்தின் தாழ்வை அல்ல, தரவின் பிழையை. மரத்தின் உச்சியை நிலம் என்று எண்ணி ஓடையை வளைத்துக்கொண்டு போகும். பீவர் கட்டிய அணை அதற்குத் தெரியாது. இருந்தாலும் முடிவில் வருவது அழகான நீலக் கோடு. சந்தேகம் உள்ள இடத்திலும் அதே தடிப்பு, அதே நிறம். அமைச்சரின் மேசைக்குப் போகும்போது அது உண்மையான ஓடையாகவே போகிறது. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி அளக்கும் லைடர் இருந்தால் இந்தப் பிழை சில சென்ரிமீற்றர் அளவுக்குக் குறையும். வழி இல்லாமல் இல்லை. தாழ்நிலம் முழுவதற்கும் அதைச் செய்ய மனம் வேண்டும்.

இனி தலைப்பிலுள்ள கேள்விக்கு வருகிறேன். ஜேம்ஸ் விரிகுடாக் கரையிலுள்ள ஓர் ஊரின் பொது மண்டபம். நீள மேசையில் எங்கள் வரைபடத்தை விரித்திருந்தோம். ஊரவர் வந்து பார்த்துத் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. வேட்டைக்காரர் சிலர் ஆற்றின் வளைவுகளைத் திருத்தினார்கள். ஒரு மூதாட்டி வெகுநேரம் ஒன்றும் பேசாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிறீ மொழியில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற பேரன் எங்களுக்கு மொழிபெயர்த்தான்: "எந்த மாதத்து வரைபடம் இது என்று பாட்டி கேட்கிறா."

மேகமில்லாத படங்களாகத் தேடிப் பொறுக்கினால் கிடைப்பவை பெரும்பாலும் யூலை, ஓகஸ்ட் மாதத்தவை. அவற்றைத் தைத்துத்தான் இப்படியான வரைபடங்கள் செய்யப்படுகின்றன. ஓகஸ்ட் என்று சொன்னோம். அவர் விரலை ஓர் ஆற்றின் வளைவில் வைத்து, பக்கத்து ஆறுவரை இழுத்தார். தாளில் அந்த இடம் முழுவதும் ஒரே பச்சை. ஓடைக் கோடு ஒன்றும் இல்லை. மே மாதத்தில், காட்டு வாத்து வேட்டைக் காலத்தில், இந்த ஆறு கரைமீறி அந்த ஆற்றுக்குள் போகும், என் தகப்பனோடு படகில் அதன் வழியே போயிருக்கிறேன் என்றார். ஓகஸ்டில் அதே இடத்தில் பாசிமேல் நடந்துபோகலாம். இரண்டு ஆறுகளும் வெவ்வேறு வடிநிலங்கள் என்று பிரித்து எங்கள் தாளில் தடித்த கோடு போட்டிருந்தது. ஆண்டில் சில வாரங்கள் அந்தக் கோடு பொய்.

அந்தச் சில வாரங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. இந்த ஆறுகள் தெற்கிலிருந்து வடக்கும் கிழக்கும் நோக்கி ஓடுகின்றன. தலைப்பக்கம் முதலில் உருகிவிடும்; கடல்வாயில் பனிக்கட்டி அப்படியே அடைத்துக்கொண்டு நிற்கும். வந்த வெள்ளம் போக வழியில்லாமல் ஏறும். 1986 மே 16 அன்று வினிஸ்க் என்ற ஊரையே பனிக்கட்டியும் வெள்ளமும் அடித்துக்கொண்டு போயின. இருவர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் ஆற்றின் மேற்பக்கம் போய்ப் பீவனக் என்ற புதிய ஊரைக் கட்டினார்கள். ஆல்பனி ஆற்றோரம் கஷெச்சுவான் மக்களை வசந்தகாலம் வந்தால் விமானத்தில் ஏற்றித் தெற்கே அனுப்புவது பல ஆண்டுகளாக நடக்கிறது. ஓகஸ்ட் படத்தில் இந்த வெள்ளத்தின் சுவடே இருக்காது.

இந்த நிலத்துக்கு நடுவேதான் இப்போது வீதி கேட்கிறார்கள். 2007 அளவில் மக்ஃபோல்ட்ஸ் ஏரிப் பக்கம் குரோமைற்று கண்டுபிடிக்கப்பட்டது. நிக்கலும் செம்பும் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. தண்டர் பேயிலிருந்து வடகிழக்கே சுமார் 500 கிலோமீற்றரில் இருக்கும் இந்த இடத்துக்கு ரிங் ஒஃப் ஃபயர் என்று பெயர் வைத்தார்கள். 2025 யூன் 4 அன்று ஒன்ராறியோ சட்டமன்றம் நிறைவேற்றிய ஐந்தாம் இலக்கச் சட்டமூலம், சிறப்புப் பொருளாதார வலயங்களை அறிவிக்கவும், அவற்றுக்குள் மாகாணச் சட்டங்களிலிருந்து விலக்குக் கொடுக்கவும் அமைச்சரவைக்கு அதிகாரம் தருகிறது. ரிங் ஒஃப் ஃபயரை அப்படியொரு வலயமாக்கும் எண்ணத்தை அரசாங்கம் வெளிப்படையாகவே சொன்னது. மறுபக்கம், மத்திய அரசும் 15 முதற்குடிச் சமூகங்களும் சேர்ந்து நடத்தும் பிராந்திய மதிப்பீட்டின் வரையறைகளே 2025 ஜனவரியில்தான் இறுதியாயின. ஆய்வு தொடங்கும் நேரத்தில் ஆய்வைத் தாண்டிப்போகும் சட்டம் வந்துவிட்டது.

வெள்ளம் பாயும் வயல்வெளிக்கு நடுவே மதகு வைக்காமல் மண்ணைக் கொட்டி வீதி போட்டால் என்ன நடக்கும் என்று ஊரில் வயல் பார்த்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. மேல்வயல் அழுகும், கீழ்வயல் காயும். ஃபென்னிலும் இதுதான் நடக்கிறது. மேற்பக்கத்தில் நீர் தேங்கி மரங்கள் நின்றபடியே சாகும். கீழ்ப்பக்கத்தில் பீற் உலர்ந்து, அதுவரை காற்றுப்படாமல் இருந்த கரிமம் மக்கத் தொடங்கும். உலர்ந்த பீற் தீப்பற்றினால் மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் புகையும். இங்கே மதகு வைப்பதற்கும் ஓர் இக்கட்டு உண்டு. வயலில் வாய்க்கால் இருக்கும், அதில் வைக்கலாம். ஃபென்னில் நீர் வாய்க்காலாக ஓடுவதில்லை. பல நூறு மீற்றர் அகலத்துக்கு மெல்லிய விரிப்பாக நகர்கிறது. எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, எந்த மாதத்து மட்டத்துக்கு வைப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே வரைந்திருந்தால்தான் தெரியும். முன்மொழியப்பட்ட வீதிகளில் ஒன்றான, வெபெக்வே என்ற ஊரிலிருந்து வரும் வீதியே நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளம்.

தண்ணீர் என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. அட்டவாபிஸ்கட் ஊருக்கு மேற்கே விக்ரர் வைரச் சுரங்கம் 2008 முதல் 2019 வரை இயங்கியது. திறந்த குழியில் நீர் நிரம்பாமல் இருக்க, அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையிலிருந்து இடைவிடாது நீரை இறைத்தார்கள். களிமண் தடிப்பாக இருந்த இடங்களில் மேலே பெரிய மாற்றம் இல்லை. களி மெலிந்து, பாறை மேலே எட்டிப்பார்த்த இடங்களைச் சுற்றிப் பீற்றின் நீர்மட்டம் இறங்கியதை ஆய்வாளர்கள் அளந்து பதிவுசெய்தார்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை என்பதை அந்தப் பதிவு காட்டுகிறது. எந்த இடம் எந்த மாதிரி என்று தெரிந்துகொள்ளாமல் இறங்குவதற்கு இனியும் சாட்டுச் சொல்ல முடியாது.

மின்சாரக் காருக்கு நிக்கல் வேண்டாமா, காலநிலைக்கு அதுவும் நல்லதுதானே என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வேண்டும். ஆனால் கரிமத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கரிமம் பூட்டிக்கிடக்கும் நிலத்தைக் கணக்குப் பார்க்காமல் திறக்க முடியாது. எவ்வளவு பீற் தோண்டப்படும், எவ்வளவு உலரும் என்ற கணக்கு நீரோட்ட வரைபடம் இல்லாமல் வராது. வீதியே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. வெபெக்வே, மாட்டன் ஃபோல்ஸ் ஆகிய முதற்குடிச் சமூகங்கள் தங்கள் வீதிகளுக்கான மதிப்பீட்டைத் தாங்களே முன்னின்று நடத்துகின்றன. பனிவீதியின் பருவம் சூடேறும் குளிர்காலங்களால் சுருங்க, விமானத்தில் வரும் பாலும் பழமும் அவர்களுக்கு எட்டாத விலையில் இருக்கின்றன. நெஸ்கன்டாகாவிலோ 1995 முதல் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும் என்ற அறிவித்தல் நீடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்த ஊரார் தங்கள் சம்மதமில்லாமல் அட்டவாபிஸ்கட் ஆற்றைக் கடந்து வீதி வரக்கூடாது என்கிறார்கள். உலகின் நன்னீரில் கணிசமான பங்கை வைத்திருக்கும் நாட்டில், ஆற்றோரத்தில் வாழ்ந்துகொண்டு குடிக்கத் தண்ணீர் இல்லாதவர்கள், ஆற்றைக் காக்க வழக்காடுகிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும்.

வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் நல்ல வரைபடம் தேவை. வீதியை ஒரு பக்கம் நூறு மீற்றர் தள்ளினால் ஃபென்னைத் தவிர்க்கலாம் என்று காட்டுவதும் அதுதான். எப்படித் தள்ளினாலும் தவிர்க்க முடியாது என்று காட்டுவதும் அதுதான்.

வரைபடம் என்பதே நிலத்தைப் பறிப்பதற்கான முதற்படி என்று வடக்கில் சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. கனடாவின் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் 1842இல் கனிமம் தேடவே தொடங்கப்பட்டது. அதன் அலுவலர் றொபேர்ட் பெல் 1886இல் அட்டவாபிஸ்கட், ஆல்பனி ஆறுகளில் வள்ளத்தில் போய் வரைந்தார். 1905இல் ஒன்பதாம் உடன்படிக்கைக்குக் கையொப்பம் வாங்க ஆணையாளர்கள் இதே ஆல்பனி ஆற்றின் வழியே வந்தார்கள். அதனால் புதிய வரைபடம் யார் வசம் இருக்கும் என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல. தரவின் உரித்து, கட்டுப்பாடு, அணுகல், வசம் ஆகிய நான்கும் சமூகத்திடமே இருக்கவேண்டும் என்று முதற்குடியினர் 1998 முதல் வலியுறுத்தி வருகிறார்கள். புதைகுழிகளும், முட்டையிட மீன் வரும் துறைகளும், வேட்டை முகாம்களும் எங்கே என்று ஊருக்குத் தெரிந்தால் போதும். அவை பொதுத் தளத்தில் வரத் தேவையில்லை. நில உயரமும் நீர்மட்டமும் நீரோட்டமும் பொதுவில் வரவேண்டும். இன்று நடப்பது பல இடங்களில் தலைகீழ். நிறுவனங்கள் தங்கள் உரிமைக் கட்டங்களின் மேல் பறந்து எடுக்கும் லைடர் தரவு நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கிறது. பாட்டியின் வாய்வழிச் சாட்சி மட்டும் ஆலோசனை அறிக்கையின் பின்னிணைப்பில் அச்சாகிவிடுகிறது.

கருவிகள் இல்லை என்ற சாட்டும் இனி எடுபடாது. 2019இல் கனடா ஏவிய மூன்று ராடர் செய்மதிகள் மேகத்தையும் இருளையும் தாண்டிப் பார்க்கின்றன. மே மாத வெள்ளத்தை மேகமூட்டத்துக்குக் கீழேயே பிடிக்கலாம். 2022 டிசெம்பரில் போன ஸ்வொட் செய்மதி பேராறுகளின் நீர்மட்டத்தையே வானிலிருந்து அளக்கிறது. 2025 யூலை 30 அன்று நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் புறப்பட்டது. அது எழும்பிய ஸ்ரீஹரிக்கோட்டா, சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் தீவு. நிசாரின் நீண்ட அலை இலைகளை ஊடுருவி, மரத்தின் கீழ் தேங்கிய நீரிலும் அடிமரத்திலும் பட்டுத் திரும்பும். வெள்ளம் நிற்கும் காடு படத்தில் பளிச்சென்று தெரியும். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். அந்த மூதாட்டி கேட்ட கேள்விக்கு, இந்த மாதம், சென்ற மாதம், அதற்கு முந்தியது என்று தாள் தாளாக எடுத்துவைக்கக்கூடிய முதல் தலைமுறை நாங்கள்தான். செய்மதி சொல்வதை நிலத்தில் நின்று சரிபார்க்க ஆட்கள் வேண்டும். அந்த ஊர்களின் இளையவர்களைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் யாரும் இல்லை. படகோட்டும் கை, நீர் தெரிந்த கண். பயிற்சியும் ஒழுங்கான சம்பளமும் கொடுத்தால் போதும்.

ரொறன்ரோவில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். டொன் ஆற்றின் வாயில் ஆஷ்பிரிட்ஜஸ் விரிகுடா என்று ஒரு பெரிய சதுப்பு இருந்தது. 1912க்குப் பின் துறைமுகத்துக்காக அதை நிரப்பி, ஆற்றைச் செங்குத்தாகத் திருப்பி, கொங்கிறீற் வாய்க்காலில் விட்டார்கள். 2013 யூலையிலும் 2024 யூலையிலும் டொன் வலி பார்க்வேயில் கார்கள் வெள்ளத்தில் நின்றதை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். இப்போது ஒரு பில்லியன் டொலருக்கு மேல் செலவழித்து ஆற்றுக்குப் புதிய வாயும் கரையோரச் சதுப்பும் செயற்கையாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். தெற்கு ஒன்ராறியோவில் ஐரோப்பியர் குடியேறுமுன் இருந்த பெரிய ஈரநிலங்களில் 72 வீதம் போய்விட்டது. அவற்றை அழித்தவர்கள் கெட்டவர்களாக இருக்கவேண்டிய அவசியமில்லை. அவர்களின் தாளில் அது வெறும் சேறாக இருந்தது, அவ்வளவுதான். நிரப்பிய சதுப்பைத் தெற்கில் பணம் கொட்டி ஓரளவு மீட்கலாம். ஆறாயிரம் ஏழாயிரம் ஆண்டுப் பீற்றை எந்த வரவுசெலவுத் திட்டத்தாலும் மீட்க முடியாது.

மாகாணச் சட்டமன்றத்தில் நம்மவர்கள் இருக்கிறார்கள், ஆளுங்கட்சியிலும் இருக்கிறார்கள். தைப்பொங்கல் மேடைக்கும் கோடைத் தெருவிழாவுக்கும் தவறாமல் வருகிறார்கள். வடக்கு வீதிகளின் தடத்துக்கு லைடர் எடுத்தாயிற்றா, அது எங்கே இருக்கிறது, வசந்த வெள்ளத்தில் அந்தத் தடத்தை யாராவது அளந்தார்களா என்று அவர்களிடம் நேரில் கேட்கவேண்டும். இந்தத் திட்டங்கள் குறித்த பொதுக் கருத்துக்கான அறிவித்தல்கள் வரும்போது எழுத்திலும் கொடுக்கவேண்டும். கால அவகாசம் பெரும்பாலும் முப்பது நாள்தான் இருக்கும். நீண்ட கடிதம் வேண்டாம். தடத்தின் இரு பக்கமும் ஐந்து கிலோமீற்றருக்கு, பனி உருகும் மாதங்களையும் சேர்த்து, நீரோட்டத்தை வரைந்து வெளியிடுங்கள். அந்த ஊர்களின் கையொப்பம் அதில் இருக்கட்டும். அதற்குப் பிறகு வீதியைப் பற்றிப் பேசுவோம் என்று எழுதினால் போதும்.